பொம்மைக்கு அப்பா, அம்மா

மாங்கரே, ஆக்லாந்து
மே 12

அன்புள்ள கலோலைனே அவர்களுக்கு,

நலம்தானே? ஒரு சின்ன வருத்தம். சுகாதாரப் பாடத்துக்காகப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக, கணவன் மனைவி போல நடித்து ஒரு பொம்மைக் குழந்தையை ஒரு வாரம் வளர்க்க வேண்டும். உங்கள் மகள் லெசியெலியையும், உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் செமிசியையும் சேர்த்துவிட்டேன். ஒரே வீடு, வசதியாக இருக்குமே என்று நினைத்தேன். "சம்மதமா?" என்று கேட்டதற்கு இருவரும் குனிந்தபடியே தலையாட்டினார்கள். இப்போது பொம்மையையும் காணோம், சில நாட்களாக இருவரையும் காணோம். கொஞ்சம் கண்டித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹிலரி டன்ஸ்டன்

மே 15

அன்புள்ள டீச்சருக்கு,

கர்த்தர் கிருபையால் நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமாக இல்லை.

செமிசி என் அக்கா மகன், தாயில்லாப் பிள்ளை. எங்கள் டோங்கா தீவு வழக்கில் அவன் லெசியெலிக்கு அண்ணன். வேறு பேச்சே கிடையாது. வயதுக்கு வந்தபின் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார்ந்து டிவி கூடப் பார்க்க மாட்டார்கள். அவன் படுப்பது கார் ஷெட்டில். அவர்களைத்தான் நீங்கள் புருஷன் பெண்டாட்டி ஆக்கினீர்கள்.

"என்னடா, கொழந்தை ராத்திரி தூங்க விட்டுச்சா?" என்று பையன்கள் பஸ் நிறுத்தம்வரை பின்னாலேயே வந்தார்களாம். இவர்கள் இருவரும் பொம்மையை அங்கேயே போட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் நடந்திருக்கிறார்கள்.

"மிஸ்கிட்ட வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னடி?" என்று கேட்டேன்.

"மிஸ்ஸை எதிர்த்துப் பேசினா வாயில சூடு போடுவேன்னு நீதானேம்மா சொல்லி வளர்த்த?"

அப்படித்தான் வளர்த்தேன். எங்கள் பிள்ளை குனிந்து தலையாட்டினால் அது மரியாதை, டீச்சர். சம்மதம் இல்லை.

வியாழக்கிழமை செமிசி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவள் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. கண்டிக்கச் சொன்னீர்கள். யாரைக் கண்டிப்பது?

கலோலைனே

மே 17

அன்புள்ள கலோலைனே,

வெட்கமாக இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இத்தனை வருடம் உங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள், ஒரு வார்த்தை உங்களைக் கேட்டிருக்கலாம். இருவரையும் வேறு வேறு வகுப்பில் போடுகிறேன். கேலி செய்தவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். செமிசி எங்கே? கணக்கில் அவனைப் போல இன்னொருவன் இங்கே இல்லை. இருவரும் திரும்பி வர நான் என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா?

ஹிலரி

ஜூன் 2

டீச்சருக்கு,

கோபம் ஆறிவிட்டது என்றால் பொய். இருந்தாலும் நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டும்.

செமிசி தெ புக்கே ஊர்த் தோட்டத்தில் கூலிக்குக் கிவிப் பழம் பறிக்கிறான். நேற்று போன் செய்தான்.

"திரும்பி வாடா. டீச்சர் வகுப்பை மாத்துறாங்களாம்."

"வகுப்பை மாத்தலாம் சித்தி, பசங்க வாயை மாத்த முடியுமா? நான் அங்க இருந்தா அவளைப் பாக்கறப்பல்லாம் சிரிப்பானுங்க. நான் இல்லேன்னா மறந்துடுவானுங்க. அவ படிக்கட்டும்."

"நீ படிக்க வேணாமா?" என்றேன். போனை வைத்துவிட்டான்.

லெசியெலியிடம் சொன்னேன். இன்று காலை எழுந்து சீருடைக்கு இஸ்திரி போட்டாள். திங்கட்கிழமை வருவாள். இருவரையும் கேட்டீர்கள். ஒருத்திதான் கிடைப்பாள்.

பொம்மையை பஸ் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வகுப்பில் அவள் அண்ணன் பேரை எடுக்காதீர்கள். அவளிடம் மன்னிப்பும் கேட்காதீர்கள். கேட்டால் குனிந்து தலையாட்டுவாள். மன்னித்துவிட்டாள் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

கலோலைனே