மீதிப் பதினொரு பேர்

வியாழன், ஜூலை 10

காலையிலேயே புழுதிக் காற்று. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை நின்றுகொண்டே. சேத்தூர் பஸ்ஸில்தான் இடம்.

மூன்றாம் வகுப்பு வாசிப்பு மதிப்பீடு. போன் ஆப்பில் பதிவேற்ற இன்று கடைசி நாள். எழுத்திலேயே தடுமாறினால் அரும்பு, சொல் வாசித்தால் மொட்டு, பத்தி வாசித்தால் மலர். ஒவ்வொரு பிள்ளையாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும். இருபத்திரண்டில் பதினொரு பேர் முடிந்தது. மூன்று மணிக்கு மேல் டவர் போய்விட்டது. அரும்பு என்று போட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று இன்னொரு பக்கம் நிரப்பணும். மலருக்கு ஒரே தட்டு.

மீதிப் பதினொரு பேருக்கும் மலர். மாடிப்படியில் நின்று, போனைத் தூக்கிப் பிடித்து. முத்துச்செல்விக்கும். அவளுக்கு ஒரு வரி வாசிக்க வராது, தெரிந்தேதான் தட்டினேன். நாலே முக்கால் பஸ் கிடைத்துவிட்டது. பெரிய சாமர்த்தியசாலி நான்.

வெள்ளி, 11

பெற்றோர் கூட்டம். டீ, ரஸ்க். சார்ட்டில் என் வகுப்புக் கோடுதான் உயரம். ஹெச்.எம். எல்லாரையும் கைதட்டச் சொன்னார்.

வாசிப்பு நிலை எழுதிய அட்டை கொடுத்தேன். முத்துச்செல்வியின் அம்மா சுப்புத்தாய், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறாள், அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"மலர்னா மேல உள்ளதா டீச்சர்?"

"ஆமாம்மா."

"நான்தான் கைநாட்டு. எம்புட்டு சந்தோசம்னு சொல்லத் தெரியல டீச்சர்."

சிரித்து வைத்தேன். பக்கத்தில் நின்ற முத்துச்செல்வி சிரிக்கவில்லை.

வாங்க வேண்டியது: மிளகு, செருப்புக்கு வார், சார்ட் பேப்பர்.

திங்கள், 14

வெயில். தலைவலி.

சுப்புத்தாய் கால் கிலோ பால்கோவாவோடு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா. கேலி செய்திருப்பேன், அதற்குள் சொன்னாள்: "டியூசன நிறுத்திட்டேன் டீச்சர். மலருக்குத்தான் வந்துட்டாளே. இனி சாயங்காலம் தங்கச்சியப் பாத்துக்கிடுவா."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்றேன். வெட்கம்கெட்ட வாய், பால்கோவாவையும் தின்றது.

செவ்வாய், 15

முத்துச்செல்வியைக் கூப்பிட்டேன். பக்கம் முழுக்கக் கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேட்டேன். முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பித்துக்கொண்டே வந்தாள், அந்த இடம் வரும்வரை. ஆனால் அந்தச் சொல் வந்தது அவளுக்குத் தெரியவில்லை, தாண்டிப் போய்விட்டாள்.

ஹெச்.எம்.மிடம் சொன்னேன். "இப்ப மாத்துனா ஏன் எதுக்குன்னு மேல கேப்பாக. அடுத்த தடவ சரி பண்ணிக்கிடலாம். நீங்க மட்டுமா செய்தீக?"

அந்தக் கடைசி வார்த்தை ஆறுதலாக இருந்தது. அதுவே அசிங்கமாகவும் இருந்தது.

புதன், 16

மேற்கே அய்யனார் கோவில் மலையில் மழை இருட்டு. பள்ளி விட்டதும் சுப்புத்தாய் வீட்டுக்குப் போனேன். அட்டையைத் திருத்தச் சிவப்புப் பேனா எடுத்துப் போயிருந்தேன்.

அட்டை சாமி படங்களுக்குக் கீழே ஆணியில். லேமினேஷன் போட்டு.

"மழ கிழ பட்டா ஒங்க கையெழுத்து அழிஞ்சிரும்ல டீச்சர். செத்த இருங்க, காப்பி போடுதேன்."

காப்பி வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். சோதிக்காமலே போட்டது, பஸ்ஸுக்கு நேரமானது, எல்லாம். டியூசனை நிறுத்த வேண்டாம், நானும் தினம் அரை மணி நேரம் உட்கார வைக்கிறேன் என்றேன்.

சுப்புத்தாய் ஆணியில் இருந்த அட்டையைப் பார்த்தாள். "அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்."

என்னைத் திட்டியிருக்கலாம். மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, வாசிக்க வரலன்னு நீயாவது சொல்லக் கூடாதா?"

முத்துச்செல்வி தங்கச்சியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "டீச்சர் மலர்னு சொன்னாகல்ல. முன்னாடி எனக்கு வாசிக்கத் தெரிஞ்சிருக்கும், நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேம்மா."