எழுமலைக்கு வழி சொன்னவன்

அன்பு மாப்ள தவமணி,

நீ இருக்கும்போது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. திருநகரில் இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? இதுகூட நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டிய விஷயம்தான். நேரில் என்றால் நீ என் சட்டையைப் பிடித்திருப்பாய். அந்த வகையில் கடிதம் எனக்குப் பாதுகாப்பு.

முதலில் வீட்டுச் செய்தி. தங்கச்சி மல்லிகா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலியைத் தவிர வேறு புகார் இல்லை. உன் மகன் பிரபுவுக்கு, நீ டிரைவராக இருந்த அதே டெப்போவில் வாரிசு வேலை கொடுத்தார்கள். கண்டக்டர். யூனிஃபார்ம் உன்னைவிட அவனுக்கு எடுப்பாக இருக்கிறது, தொப்பை இல்லை. இப்போது அந்த யூனிஃபார்ம் துவைத்து மடித்து அலமாரியில் இருக்கிறது. அவனை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். வேலையே போய்விடலாம் என்கிறார்கள். அதில் எனக்கும் பங்கு உண்டு மாப்ள. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

டெப்போவில் வேலைநிறுத்தம் நடந்தது. கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. காலியாகக் கிடக்கும் இடங்களில் ஆளைப் போடு, டபுள் டியூட்டியை நிறுத்து, அவ்வளவுதான். ஒரு டிரைவர் ஷிப்டை முடித்து இறங்கும்போது, அடுத்த ஷிப்டுக்கு ஆள் வரவில்லை, நீயே திரும்ப ஏறு என்று சொல்கிற வழக்கத்தை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி இரண்டு ஷிப்டை ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்தவன் நீ. எழுந்திருக்கவில்லை. டாக்டர் அதை மாரடைப்பு என்று எழுதினார். பிரபு ஒரு தட்டியில் 'டபுள் டியூட்டி' என்று எழுதி, கீழே உன் போட்டோவை ஒட்டி டெப்போ வாசலில் நிறுத்தினான்.

நிர்வாகமும் சும்மா இருக்கவில்லை. கனரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் வரலாம் என்று அறிவித்தார்கள். வந்தார்கள். நம் ஊரில் வேலைக்கு ஆள் இல்லை என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்த டெப்போவுக்கு, விடிவதற்குள் எங்கிருந்துதான் அத்தனை ஆட்கள் கிடைத்தார்களோ.

அன்றைக்கு எழுமலையில் ஒரு காதுகுத்து. பங்காளி வீடு. போகாவிட்டால் பத்து வருடத்துக்குப் பேசமாட்டார்கள். இப்போது யோசித்தால் அது லாபம்தான். அன்றைக்கு அப்படி யோசிக்கத் தோன்றவில்லை. ஆரப்பாளையம் போனேன். எழுமலை வண்டி ஒன்று நின்றது. முன்னால் ஏறி, டிரைவருக்கு இடது பக்கம், நான் வழக்கமாக உட்காரும் சீட்டில் உட்கார்ந்தேன். உன் வண்டியில் ஏறினால் என் இடம் அதுதானே? பழக்கம் மாப்ள. பழக்கத்துக்கு வேலைநிறுத்தம் எல்லாம் தெரிவதில்லை.

டிரைவர் சீட்டில் மேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் கருப்பசாமி. முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். லாரி ஓட்டியவர். அந்த லாரியை முதலாளி விற்றுவிட்டதால் சும்மா இருந்தவர்.

"ஏப்பா, இது எழுமலை போகுமா?" என்று கேட்டது, கூடையோடு ஏறிய ஒரு அம்மா.

"போகும்னு சொல்லித்தான் ஏத்தி விட்டாங்க ஆத்தா. நானும் இன்னைக்குத்தான் பாக்கப் போறேன்."

அப்போதுதான் பிரபு வந்தான். கூட நாலைந்து பேர். அவன் வண்டியில் ஏறவில்லை. யாரையும் தொடவில்லை. டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டான். இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கும்பிட்டான்.

"அண்ணே, ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லண்ணே. எறங்கிருங்க. நாங்க தோத்துட்டா நாளைக்கு ஒங்களுக்கும் இதே டபுள் டியூட்டிதான்."

"தம்பி, எனக்கு சிங்கிள் டியூட்டியே கெடைக்கலையேப்பா" என்றார் கருப்பசாமி.

கும்பிட்ட கையோடு பிரபு தலையைக் குனிந்தான். பின்னாலிருந்து ஒருவர், "இம்புட்டு வெயில்ல என்னய்யா பேச்சுவார்த்த, வண்டிய எடுங்கய்யா" என்று கத்தினார். பிரபு நிமிர்ந்தான். என்னைப் பார்த்துவிட்டான்.

"மாமா, நீங்களாவது எறங்குங்க மாமா."

"காதுகுத்து, பிரபு. தவிர்க்க முடியல" என்றேன்.

வாழ்நாள் முழுக்கப் பத்திரிகையில் அடுத்தவரைக் கிண்டல் செய்து பிழைத்தவன் நான். தேவைப்பட்ட நேரத்தில் எனக்குக் கிடைத்த வசனம் இதுதான். போலீஸ்காரர் ஒருவர் பிரபுவின் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார். வண்டி கிளம்பியது.

இறங்காமல் உட்கார்ந்திருந்ததை மன்னித்துவிடுவாய் என்றுகூட நினைத்துக்கொள்ளலாம். பயணி உட்காரத்தான் செய்வான். ஆனால் நான் உட்கார்ந்ததோடு நிற்கவில்லை.

காளவாசல் தாண்டும்போதே தெரிந்துவிட்டது, அந்த மனிதருக்கு நேர்ரோடு தெரியும், வழி தெரியாது. எந்த நிறுத்தம் நம்முடையது, எது பிரைவேட் வண்டிக்காரன் நிற்கும் இடம், ஒன்றும் தெரியாது. நாகமலைப் புதுக்கோட்டையில் ஏற நின்றவர்களை விட்டுவிட்டுப் போய்விட்டார். வண்டியில் கூச்சல். நான் வாயைத் திறந்தேன்.

"முன்னாடி ஸ்பீடு பிரேக்கர் இருக்கு, பெயிண்ட் அடிக்கல, இப்பவே கால எடுங்க." "செக்கானூரணில ஸ்டாண்டுக்குள்ள போயித் திரும்பணும், வெளிய நிறுத்துனா சனம் ஓடிவந்து விழும்." "உசிலம்பட்டி மார்க்கெட்டுக்கிட்ட லோடு இறக்குற வண்டி நிக்கும், எடப்பக்கம் ஒதுங்காதீங்க." எல்லாம் உன் வார்த்தை மாப்ள. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதை அப்படியே எடுத்து விட்டேன். கருப்பசாமியும் நான் சொன்னபடியே திருப்பினார், நிறுத்தினார், எடுத்தார்.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பின்சீட்டிலிருந்து ஒருவர், "சாருக்கே வேலையப் போட்டுக் குடுத்திரலாம்ப்பா" என்றார். கூடைக்கார அம்மா எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தது. தின்றேன். உசிலம்பட்டி ஸ்டாண்டில் நான் எழுந்து நின்று, கையை நீட்டி, எழுமலை ரோட்டைக் காட்டிக்கொண்டிருந்தேன். வெளியே ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் நின்றிருந்தார்.

மறுநாள் பேப்பரில் வந்தது. கருப்பசாமியின் ஸ்டீயரிங், என் கை. கீழே, 'பொதுமக்கள் ஒத்துழைப்புடன் பேருந்துகள் வழக்கம்போல் இயங்கின.' பொதுமக்கள், பொதுமக்கள் என்று நானும் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். அது யார் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எழுமலை வரைக்கும் வண்டி ஓடுகிறது என்று தெரிந்ததும் டெப்போ வாசலில் கூட்டம் கரைய ஆரம்பித்தது. அந்த போட்டோவை ஆளாளுக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, "நாம இல்லாமலும் ஓடுதுல்ல" என்றார்களாம். அந்த வாரமே வேலைநிறுத்தம் முடிந்தது. கோரிக்கைகள் பரிசீலிக்கப்படும். டபுள் டியூட்டி தொடர்கிறது.

கருப்பசாமி என் நம்பரை வாங்கி வைத்திருந்தார். போன் செய்தார். "ஸ்ட்ரைக்கு முடிஞ்சிருச்சாம்ல சார்? இன்னிமே வர வேணாம்னுட்டாங்க. பெர்மனென்ட் பண்ணுவோம்னாங்களே சார்."

"யார் சொன்னது?"

"ஏத்தி விட்டவருதான்."

"அவர் யாரு?"

"அதத்தான் சார் நானும் ஒங்கள்ட்ட கேக்கலாம்னு..."

எனக்கு வழி மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இவ்வளவுக்கும் பிறகு சட்டப் புத்தகத்தை எடுத்தேன். வண்டியில் ஏறும் முன் படித்திருக்கலாம் என்பாய். படித்தவர்கள் எப்போதும் பிறகுதான் படிக்கிறோம். சட்டம் நல்ல சட்டம் மாப்ள. முறைப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தின்போது புது ஆட்களை வேலைக்கு எடுப்பது முறையற்ற செயல் என்று பழைய சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்தில் வந்திருக்கும் புதியதிலும் இருக்கிறது. படித்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிறகு, முறைப்படி என்றால் என்ன என்று பார்த்தேன். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்தால் சமரச அதிகாரி இரு தரப்பையும் பேச்சுக்கு அழைப்பார். பேச்சு நடக்கும்போது வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. பேச்சு முடிந்தாலும் உடனே செய்யக்கூடாது. பாதிப்பேர் சேர்ந்து லீவு போட்டாலும் அது வேலைநிறுத்தம்தான். ஆகவே முறைப்படியான வேலைநிறுத்தத்தை உடைக்க யாரும் ஆள் எடுக்க முடியாது. அப்படி ஒரு வேலைநிறுத்தத்தை யாராவது நடத்திக் காட்டினால் சட்டம் அவரைக் கட்டாயம் காப்பாற்றும்.

கருப்பசாமிக்கு என்ன என்றும் தேடினேன். வேலைநிறுத்தத்துக்காக வந்து, அது முடிந்ததும் போனவருக்கென்று நான் புரட்டிய பக்கங்களில் ஒரு பெயர்கூட இல்லை. நம் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. கருங்காலி. அதை நீ பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாய். சாப்பாட்டுக்கு வழியில்லாமல் வந்த அவரை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பசியில்லாமல், காதுகுத்துக்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு, சம்பளமும் வாங்காமல் அதே வேலையைச் செய்தவனை என்ன சொல்வது? நீ இருந்தால் ஒரு சொல் கொடுத்திருப்பாய்.

இப்போது பிரபுவின் மேல் குற்றச்சாட்டு. வண்டியில் ஏறி, டிரைவரை மிரட்டி, பயணிகளை அச்சுறுத்தினானாம். திங்கட்கிழமை விசாரணை. டெப்போவிலிருந்து ஒரு அதிகாரி என்னிடமே பேசினார்.

"சார், ஒங்கள மாதிரி பொறுப்பான குடிமகன்கள் இருக்கதாலதான் வண்டி ஓடுச்சு. நீங்க வந்து அந்தப் பையன் மெரட்டுனான்னு ரெண்டு வார்த்த சொன்னாப் போதும். கார் அனுப்பிருவோம்."

"வாரேன்" என்றேன். கார் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

பிரபுவிடம் சொல்ல உன் வீட்டுக்குப் போனேன். "வாங்க சார்" என்றான்.

"என்னடா சாரு? மாமான்னு சொல்ல வாய் வரலையா?" என்று மல்லிகா அதட்டினாள்.

"நீ கும்பிட்டதப் பாத்தவன் நான். ஒன் தரப்புச் சாட்சியா ஏன்டா என் பேரக் குடுக்கல?" என்று கேட்டேன்.

"குடுத்தா, வழி சொன்னது யாருன்னும் சேத்துக் கேப்பாய்ங்க. ஒங்களுக்கு எப்புடி ரூட்டு தெரியும்னு கேப்பாய்ங்க. எங்க அப்பா சொல்லிக் குடுத்ததுன்னு நீங்க சொல்லணும். ஸ்ட்ரைக்க ஒடைச்ச கேசுல அவரு பேரு ஏற வேணாம்னுதான். வேல போனாப் போகுது."

மல்லிகா காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உன் பெயருக்காகப் பையன் வேலையை விடத் தயாராக இருக்கிறான். உன்னைக் கேட்காமல் நான் ஒரு முடிவு செய்திருக்கிறேன் மாப்ள. அந்த அதிகாரி என்னை அவர் தரப்புச் சாட்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதுவதை டெப்போவில் யாரும் படிப்பதில்லை; இந்த ஒரு தடவை அது வசதி.

திங்கட்கிழமை போவேன். பிரபு மிரட்டவில்லை, கும்பிட்டான் என்பேன். வண்டி எழுமலை போனதற்குப் பொதுமக்கள் பொறுப்பில்லை, நான் ஒருவன்தான் என்பேன். வழி உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். தவமணி சொன்னார் என்பேன். உன் பெயர் ஏறத்தான் செய்யும், பொறுத்துக்கொள். ஆனால் அதோடு நிறுத்தமாட்டேன். ஒரு டிரைவர் பக்கத்துச் சீட்டில் இருப்பவனுக்கு ஒவ்வொரு வளைவையும், ஒவ்வொரு மேட்டையும் எதற்காகச் சொல்லிக்கொண்டே வந்தார் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்காமலேயே சொல்வேன். இரண்டாவது ஷிப்டில் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக. "ஏதாச்சும் பேசிக்கிட்டே வாடா, கண்ணு சொக்குது" என்று நீதான் என்னை அந்தச் சீட்டில் உட்கார வைத்தாய் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்வேன். எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

உன் மகனுக்குத் தாய்மாமன் இடத்தில் நின்றிருக்க வேண்டிய,
உன் மாப்ள
திருநகர், மதுரை