சந்தனத் தலைக்குப் போன பந்து

நேற்று சாயங்காலம் பேரனுடைய சைக்கிள் பஞ்சர். பஸ் ஸ்டாண்டு எதிரில் உன் கடை இருந்த இடத்தில் இப்போது கேசட் கடை வந்துவிட்டது. அதனால் கொஞ்சம் தள்ளிப் புதிதாகக் கடை போட்டிருக்கிற ஒருத்தரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை விரலால் தடவினார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பக்கத்தில் கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஒட்டினார், காற்றடித்தார், தண்ணீரில் முக்கிப் பார்த்தார், முடிந்தது என்றார். "காதுல வெச்சுக் கேளுப்பா" என்றேன். பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். உனக்குத் தண்ணீரில் முக்கினால் மட்டும் போதாது. கன்னத்தில் வைத்து, காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். அதைச் சொல்லப் போய் அவரிடம் வம்பு வளர்ப்பானேன் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து ஒன்பது மாசம் ஆகிறது. இந்த ஒன்பது மாசத்தில் என்னை யாரும் 'பாவா' என்று கூப்பிடவில்லை. எங்கள் வீட்டுத் தெலுங்கைக் கேட்டுக் கேட்டு நீயாக வைத்த பெயர் அது. சொந்த மச்சான்கள்கூட என்னை அப்படி வாய்நிறையக் கூப்பிட்டதில்லை. உனக்கு இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேரே சொல்லத் தைரியம் இல்லாததால் சுற்றி வளைத்துத்தான் வருவேன். நீ பொறுமைசாலி, எனக்குத் தெரியும்.

நம் வளையம் நினைவிருக்கிறதா? டிரில் வாத்தியார் நமக்கு பாஸ்கெட் பால் பழக்கிவிட்டு ஒரே வருஷத்தில் மாற்றலாகிப் போனார். ஆட்டம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. மாட்டு வண்டிச் சக்கரத்துப் பட்டையைக் கொல்லுப்பட்டறையில் காய்ச்சி வளைத்து, மாம்பலகையில் அறைந்து, முருகன் மலையடிவாரத்து மைதானத்தில் நீதான் ஏறி மாட்டினாய். இறங்கி வந்து திரும்பியபோது அது கழன்று உன் பின்னந்தலையில் விழுந்தது. ரத்தம் சட்டையெல்லாம் வழிய, "முதல் பாயிண்டு எந்தலையிலயே வுழுந்துடுச்சு பாவா" என்று சிரித்தாய். காயம் ஆறி, வளைந்த நகம் மாதிரி ஒரு வடு தங்கியது. மேலே முடி மூடிக்கொண்டது. ஊர் அதை மறந்துவிட்டது.

நம்மூரோடு சேர்த்து நாலு ஊர், நாலு அணி. லீக் என்று நாமாகவே பெரிசாகப் பெயர் வைத்துக்கொண்டோம். பொதட்டூர்பேட்டைக்குப் போனால் நெசவாளர்கள் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டியிருப்பார்கள். அதைச் சுருட்டுகிற வரைக்கும் காத்திருந்துதான் மைதானத்துக்குள் போக வேண்டும். நூலில் வலை முடிந்து வளையத்துக்குக் கட்டியது அவர்கள்தான், அந்த அழகு வேறு எந்த ஊருக்கும் இல்லை. ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை அடிக்கிற களம். பந்து குதிக்கிற இடமெல்லாம் தோல் பறக்கும், தும்மிக்கொண்டே ஆடுவோம். அரக்கோணத்தில் மட்டும்தான் சிமெண்டுத் தரை. ரயில்காரர்களின் அணி அல்லவா. ஆனால் இன்ஜின் போகும்போது புகை வந்து வளையத்தை மறைத்துவிடும், புகை கலையட்டும் என்று ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்துவார். நீ மட்டும் புகைக்குள்ளேயே பந்தைப் போட்டுவிட்டு, "சத்தத்தைக் கேட்டியா, வுழுந்துச்சு" என்பாய். புகை விலகினால் பந்து கீழே உருண்டுகொண்டிருக்கும்.

ஜெர்சி யாருக்கு இருந்தது? எல்லாருக்கும் முண்டா பனியன்தான். வெளியூரிலிருந்து வந்த அணி தலையில் துண்டு கட்டிக்கொள்ள வேண்டும், உள்ளூர் அணி வெறும் தலை. நாலு ஊருக்கும் அதுதான் சட்டம். அந்தச் சட்டத்தில்தான் பிறகு எல்லாம் வந்து சிக்கியது.

யுத்த காலம். ரப்பர் சாமான் எதுவும் கண்ணில் படாது. நம் பந்துக்குள்ளே காற்றுப் பிடிக்கிற பிளாடரில் நீ ஒட்டிய ஒட்டுகள் போக மிச்ச இடமே இல்லை. கடைசி ஆட்டம் நமக்கும் அரக்கோணத்துக்கும் என்று முடிவானபோது அது சுத்தமாகப் போயே போய்விட்டது. மெட்ராஸில் யாரிடமோ சொல்லிவைத்திருந்தோம். வருமா வராதா என்று தெரியவில்லை. நம் அணியில் பின்னால் நின்று வளையத்தைக் காத்த முனிரத்தினம், தபாலாபீசில் வேலை பார்த்தவன், யாரையும் கேட்காமல் முருகனிடம் வேண்டிக்கொண்டுவிட்டான். பிளாடர் வந்தால் அஞ்சு பேரும் மொட்டை.

வந்தது. அவன் கையாலேயே பார்சலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"டேய், என்னைக் கேக்காம எந்தலையை எப்பிடிடா நேர்ந்துகினே?" என்றாய் நீ.

"உன்னை வுட்டா நாலு தலைதான இருக்குது. நான் அஞ்சுன்னு சொல்லிட்டேனே."

உங்கள் வீட்டில் கும்பிடாத சாமிக்கு மொட்டை போடலாமா என்று நீ போய் உங்கள் அப்பாவிடம் கேட்டாய். அவர் சைக்கிள் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டே, "ஒண்ணா ஆடறீங்க, ஒண்ணா இருங்க. முடிதானே" என்றுவிட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

அதற்கு முந்தின வாரம்தான் அரக்கோணத்து ரயில்வே ஷெட் ஃபோர்மேன் எங்கள் தேங்காய்க் கடைக்கு வந்திருந்தார். மலைக்குப் போகிறவர்களுக்குத் தேங்காய், கற்பூரம் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், நீ முக்காலியில் உட்கார்ந்திருந்தாய். அவர் உன்னைப் பார்த்துத்தான் பேசினார். ரயில்வேயில் நன்றாக ஆடுகிறவனுக்கு வேலை கொடுக்கிறார்கள், ஒரு இடம் காலி இருக்கிறது, கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுக்கிறவன் எந்த அணியாக இருந்தாலும் அவன் பெயரை எழுதி அனுப்புவேன் என்றார். முதலில் குண்டக்கல், அப்புறம் எங்கே போடுகிறார்களோ அங்கே. தூர தேசத்தில் பந்து ஆடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறார்களாம், ஊருக்கு ஊர் அதற்கென்று அணி இருக்கிறதாம் என்றும் சொன்னார்.

அவர் போன பிறகு உனக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஆடறதுக்கு மாசாமாசம் சம்பளம் பாவா. இப்பிடி ஒரு வேலை கீதுன்னு யாராவது சொன்னா நம்புவியா நீ?"

"நம்பமாட்டேன்" என்றேன்.

"நான் போய்ட்டா நீ இன்னா பண்ணுவே?"

"தேங்கா விப்பேன். இன்னா பண்ணுவாங்க?"

நீ சிரித்தாய். நீ குண்டக்கல்லில் யார் யாரோடோ ஆடுவாய், நான் இந்த முக்காலியைப் பார்த்துக்கொண்டு தேங்காயைத் தட்டிக்கொண்டிருப்பேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சந்தோஷமாக இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆட்டத்தன்று காலையில் நாங்கள் நாலு பேரும் மலையேறி முடி கொடுத்துவிட்டு இறங்கினோம். நீ கீழே கடைத்தெருவில் முடிவெட்டுகிறவரிடம் தலையைக் கொடுத்துவிட்டு, கடைசிப் படியருகில் காத்துக்கொண்டிருந்தாய். தூரத்திலிருந்தே பளபளத்தது. என் கிண்ணத்திலிருந்த சந்தனத்தை வழித்து, "வெயிலுக்கு ஜில்லுனு இருக்குமா?" என்று நீயும் பூசிக்கொண்டாய். பூசுவதற்கு முன்னால் திரும்பி நின்று, என் விரலைப் பிடித்துப் பின்னந்தலையில் வைத்தாய். "பாத்தியா, இங்கியே கீது. நம்ம வளையம்."

அந்த வடுவை நான் தடவிப் பார்த்தேன். அதை நீ மறந்துவிடாதே, நானும் மறக்கவில்லை.

சாயங்காலம் மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. நம் ஐந்து சந்தனத் தலைகளைப் பார்த்து ஒரே சிரிப்பு. அரக்கோணத்துக்காரர்கள் தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் கோவிந்தன் என்று ஒருத்தர், ஷெட்டில் கரி அள்ளுகிற தற்காலிகக் கூலி. அன்று காலையில்தான் தன் பிள்ளைக்கு மலையில் முதல் முடி இறக்கி, கூடவே தானும் இறக்கியிருந்தார். சந்தனம் பூசிய மொட்டையில் துண்டு எப்படி நிற்கும்? வழுக்கி வழுக்கி விழுந்தது, எடுத்து எடுத்துக் கட்டிக்கொண்டார். கடைசியில் அலுத்துப்போய் விட்டுவிட்டார் போல.

முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. இரண்டு பக்கமும் சமம். பந்து என் கையில். இடது பக்கம் அவர்கள் வளையத்துக்குக் கீழே நீ, அதைப் பார்த்தபடி. உன்னை யாரும் மறிக்கவில்லை. வலது பக்கம் இன்னொரு மொட்டை. நான் வலது பக்கம் போட்டேன்.

கோவிந்தன் பந்தைப் பிடித்தார். ஒரு கணம் அவருக்கே புரியவில்லை. அப்புறம் திரும்பி நம் வளையத்தைப் பார்த்து ஓடினார். அங்கே முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தான், வருகிறவன் நம்மாள்தான் என்று நினைத்து மரியாதையாக வழிவிட்டு ஒதுங்கினான். "ஏண்டா நம்முதுலயே போடறே?" என்று அவன் கேட்டு முடிப்பதற்குள் பந்து உள்ளே விழுந்து, விசிலும் ஊதிவிட்டார்கள்.

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. தோற்ற துக்கமே ஊருக்கு வரவில்லை. ஃபோர்மேன் கோவிந்தனைத் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனார். நான் நடு மைதானத்தில் நின்றேன். நீ குழாயடிக்குப் போய் வெகு நேரம் முகம் கழுவினாய். திரும்பி வந்து என் தோளில் கை போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, "வுடு பாவா, அஞ்சு மொட்டை நடுவுல ஆறாவது மொட்டை வந்து குந்திகினா யாருக்குத்தான் தெரியும்?" என்றாய். உன் கை ஈரமாக இருந்தது. கண்ணும் சிவந்திருந்தது, சந்தனம் இறங்கிவிட்டது என்றாய்.

அதற்கப்புறம் நாற்பது வருஷம் இந்த ஊர் என்னை விட்டதா? கடைக்கு வருகிறவன்கூட, "தலையைப் பாத்துக் குடுங்க" என்று தேங்காய் வாங்கிக்கொண்டு போவான். நீ ஒவ்வொரு தடவையும் என் பக்கம்தான் பேசினாய். கோவிந்தன் வேலை நிரந்தரமாகி குண்டக்கல் போனார், ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் குடும்பத்தோடு வந்து உன் கடையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். அவர் பிள்ளைக்கு நீ சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். எப்படி முடிந்தது உனக்கு?

நீ பஞ்சர் ஒட்டினாய். சாயங்காலம் ஆனால் கையில் கிரீஸோடு வந்து என் முக்காலியில் உட்கார்ந்தாய், இரண்டு டீ சொன்னாய். உன் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள், எல்லாம் அந்த முக்காலியில் பேசித்தான் நடந்தன. என் மனைவி காலமான மாசத்தில் பேச்சே இல்லாமல் முப்பது நாளும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாய். நீ ரயிலேறிப் போயிருந்தால் இதில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்திருக்காது.

கடைசியாக உன்னை வீட்டில் வந்து பார்த்தபோது உனக்கு முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது. தலையணையில் திரும்பிப் படுத்தாய், அந்த வடு தெரிந்தது. நான், "அன்னிக்கு ஆட்டத்துல..." என்று ஆரம்பித்தேன். நீ என் கையை எடுத்து அந்த வடுவின் மேல் வைத்தாய்.

"இதை அன்னிக்குக் காலையிலயே உனக்குக் காமிச்சேன் இல்ல?"

"ஆங்" என்றேன்.

"வேர்வையில சந்தனம் கரைஞ்சு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்."

நான் வடுவின் மேலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். "டீ சொல்லு பாவா, சக்கரை கம்மியா" என்றாய். அவ்வளவுதான். எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சொல்கிறேன். நன்றாகத் தெரிந்தது. எது உன் தலை, எது கோவிந்தன் தலை என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. உன்னை அனுப்ப மனசில்லாமல்தான் அந்தப் பக்கம் போட்டேன். உனக்கும் அது தெரியும், குழாயடிக்குப் போனபோதே தெரியும். தெரிந்தும் வந்து தோளில் கை போட்டாய், நாற்பது வருஷம் டீ வாங்கிக் கொடுத்தாய்.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் அந்தச் சாயங்காலங்களையெல்லாம் வேண்டாம் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. முக்காலி இன்னும் கடையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. யாராவது உட்காரப் போனால் வேறு இடம் காட்டுகிறேன். மறுபடியும் அதே ஆட்டம் வந்து, அதே பந்து என் கையில் இருந்தால், பாவி நான், வலது பக்கம்தான் போடுவேன்.