மஞ்சள் தண்ணீரில் முக்கியெடுத்த அல்லித்தண்டு

உத்திரமேரூர்

அன்பு மகள் ஷாரோனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், புனேயில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க ஜெபிக்கிறேன். அப்பா கால் புண் இன்னும் ஆறவில்லை, சீழ் வைத்துக்கொண்டே இருக்கிறது, ஆஸ்பத்திரியில் மறுபடியும் மாத்திரையை மாற்றிவிட்டார்கள், எந்த மாத்திரைக்கும் அந்தக் கிருமி அடங்க மாட்டேன் என்கிறதாம். "பொண்ணு கண்டுபுடிச்சது இன்னா ஆச்சு" என்று தினம் கேட்கிறார். நம் ஏரி அல்லித்தண்டுக்குள் குடியிருக்கிற பூஞ்சை ஏதோ சுரக்கிறது, அது இந்த மாதிரிக் கிருமியையே கொல்கிறது என்று நீ சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். மருந்தாகி வர வருஷக்கணக்கில் ஆகும் என்றாயே, அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை பைக்கில் ஒருத்தன் வந்தான். பேர் புருஷோத்தமன், சொந்த ஊர் வாலாஜாபாத், உன் லேபில்தான் வேலை, லீவில் வந்திருக்கிறானாம். "லேப்ல வளத்த பூஞ்சை செத்துப்போச்சும்மா, ஷாரோன் எடுத்த அதே எடத்துலேர்ந்து புதுசா தண்டு ஓணும்" என்றான். அதென்ன அதே இடம்? நீ பாடுபட்டுக் கண்டுபிடித்ததை எவனோ தன் பேரில் போட்டுக்கொள்ளப் பார்க்கிறானோ? உனக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, கேட்டால் லேபுக்குள் போன் கூடாது என்பாய். நம் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்க யோசிக்கிறவர்கள் உண்டு, இவன் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தான். அதுவும் நடிப்பாக இருக்கலாம் அல்லவா, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

போன வருஷம் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? ஏரியில் பறித்ததாயிற்றே, அட்டை புழு இருக்குமே என்று, வள்ளைக்கீரையை முக்குகிற மாதிரி நீ லேபுக்கு எடுத்துவைத்த அல்லித்தண்டையெல்லாம் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் முக்கிவிட்டேன், உள்ளே இருந்ததெல்லாம் செத்துப்போய் நீ அழுதாய். மறுநாள் வந்து நின்ற இவனுக்கும் அதையே செய்தேன், இந்தத் தடவை வேண்டுமென்றே. துடைத்துப் பையில் போட்டுச் சிரித்த முகமாகக் கொடுத்தேன். அவன் பையைப் பிரித்து மோந்து பார்த்தான், உடனே சிரித்துவிட்டான். "ஷாரோன் அப்பவே சொன்னாங்க, எங்கம்மாவுக்கு சந்தேகம் வந்தா மஞ்சத்தண்ணில முக்கிடுவாங்கன்னு. உயிரோட கீறத குடுங்கம்மா" என்றான். அந்தக் கதை நம் மூன்று பேருக்குத்தானே தெரியும்? உள்ளேயிருந்து அப்பா, "இன்னும் இன்னாத்துக்கு அந்தப் புள்ளய சோதிச்சிக்கினு கீற, குடுத்துடு" என்று சத்தம் போட்டார். நீ எடுத்த அதே மதகோரம் இறங்கி, வேரும் சேறுமாகப் பிடுங்கி வாளியில் வைத்துக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் மனசு அடித்துக்கொள்கிறது.

தண்டு கைக்குக் கிடைத்ததும் அவன் முன்னாலேயே உன் பேர் எழுதி ஒட்டிவிடு. மழையில் நனையாதே, ராத்திரி தனியாக வராதே, கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பார். இந்தக் கடிதத்தையும் அவன் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். கவரைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தில் மஞ்சள் தடவியிருக்கிறேன், பிரித்திருந்தால் தெரிந்துவிடும். பிரித்திருந்தால் அவனை லேப் பக்கமே அண்ட விடாதே. பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தானென்றால், நம் வீட்டு மஞ்சள் தண்ணீர்க் கதை வரைக்கும் நீ சொல்லி வைத்திருக்கிற அந்தப் பையன் உனக்கு யார் என்று மறைக்காமல் எழுது. அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் அம்மா,
செவ்வந்தி ஞானதாஸ்