வயது கேட்டால் நான் சொல்வேன்

ஜனவரி 11, சனி

வின்னமக்காவில் இன்று இரண்டு முறை கேட்டார்கள். சூதாட்ட விடுதி வாசலில் ஒருத்தன், உள்ளே பாரில் ஒருத்தி.

வாசலில் நின்றவன் என் ஓட்டுநர் உரிமத்தை வளைத்துப் பார்த்தான், விளிம்பை நகத்தால் சுரண்டினான், நீல விளக்கடியில் காட்டினான். நெவாடாவில் இருபத்தொன்று ஆகாதவர்களுக்கு அட்டை நெட்டுவாக்கில் இருக்கும், ஆனவர்களுக்குக் குறுக்குவாக்கில். என்னுடையது பதினைந்து வருடமாகக் குறுக்குவாக்குதான். அவனுக்கு அதுவே சந்தேகம்.

"பாப்பா, உன் ராசி என்ன?"

பொய் அட்டைக்காரர்கள் தேதியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து ராசியில் மாட்டிக்கொள்வார்கள். கும்பம் என்றேன். பள்ளிக்கூடம் முடித்த வருடம் கேட்டான். 2006 என்றேன். "உங்க அக்கா கார்டா?" என்றான். எனக்கு அக்கா கிடையாது. அதையும் சொன்னேன்.

பன்னிரண்டு வயதில், மூளைக்கு அடியில் பட்டாணி அளவு இருக்கும் ஒரு சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான் கதை. உடம்பும் முகமும் அங்கேயே நின்றுவிட்டன. அடுத்த மாதம் முப்பத்தேழு. இதை எத்தனை வாசலில் சொல்லியிருப்பேன், இங்கே ஒரு தடவை எழுதிவிட்டால் போதும்.

என் காதலன் ராய்ஸ் பின்னால் நின்றுகொண்டிருந்தான். நாற்பத்து மூன்று வயது, ஆறடி, நரை விழுந்த தாடி, தங்கச் சுரங்கத்தில் ராட்சத லாரிகளைப் பழுதுபார்க்கிறவன். காது சிவந்திருந்தது.

பாரில் இருந்தவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குள் கறி ஆறிவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

வேலையில் ஒன்றும் விசேஷமில்லை. கேமரா அறையில் நானும் நடீனும். எல்கோவில் எங்கள் சூதாட்ட விடுதியில் என்னை முதலில் காசு மாற்றும் கூண்டில்தான் வைத்தார்கள். "குழந்தையை வேலைக்கு வெச்சிருக்கீங்களா?" என்று ஆளாளுக்குப் புகார் கொடுத்ததால் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. என்னை யாரும் பார்ப்பதில்லை.

இன்று ஐம்பது வயது அம்மாள் ஒருத்தியிடம் வாசல்காரன் வயது கேட்டான். அவள் சந்தோஷம் தாங்காமல் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டாள். நடீன் சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டினாள். எனக்கும் ஐம்பது வரும். அப்போதும் என்னைக் கேட்பார்கள், ஆனால் நான் யாரையும் கட்டிப்பிடிக்கப் போவதில்லை.

பிப்ரவரி 1, சனி

மூன்றாவது சனிக்கிழமையாக ராய்ஸ் வீட்டிலேயே சாப்பாடு.

"வெளிய போய் என்னத்தக் கண்டோம்? நானே மான்கறி செஞ்சுடறேன்" என்கிறான். நன்றாகத்தான் செய்கிறான். அதில் குறை சொல்ல முடியாது.

நடீனிடம் சொன்னேன். "ஆம்பளை வீட்லயே சமைக்கிறேன்னா, ஒண்ணு கையில காசில்ல, இல்ல யாராச்சும் பாத்துடுவாங்கன்னு பயம். சுரங்கத்துல அவனுக்கு நல்ல சம்பளம்டி" என்றாள்.

அப்படியானால் இரண்டாவதுதானா? என்னோடு வெளியே வர வெட்கமா? போன வருடம் மே மாதத்திலிருந்து பழகுகிறோம். கோடை முழுக்க ஊர் ஊராகச் சுற்றினோம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எப்போதிலிருந்து என்று யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

பிப்ரவரி 17, திங்கள்

முப்பத்தேழு. கண்ணாடிக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் போய்ப் பார்த்தேன். கண்ணோரத்தில் கோடுகள் இருக்கின்றன.

ராய்ஸ் போனில் என்ன வேண்டும் என்று கேட்டான். "ரீனோ போகணும். நல்ல பாரா பாத்து, உயரமான நாற்காலில கால் தொங்கத் தொங்க உக்காந்து ஒரு பிக்கான் குடிக்கணும்." ஸ்பெயின் பக்கத்து மலையிலிருந்து வந்த எங்கள் பாஸ்க் வீடுகளில் பிறந்தநாளுக்கும் அந்த மதுதான், சாவுக்கும் அதுதான்.

எந்த பார், எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்டான். பிறகு சரி என்றான்.

பிப்ரவரி 22, சனி (எழுதும்போது ஞாயிறு ஆகிவிட்டது)

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ரீனோவில் பார். நாற்காலி நான் கேட்ட மாதிரியே உயரம். பிக்கான் வருவதற்கு முன்னால் காவலாள் வந்தான். வரட்டும், இது பழகிப்போனதுதானே. கைப்பையில் கையை விட்டேன். அதற்குள் ராய்ஸ் முந்திக்கொண்டான். தன் பர்ஸிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தான். என் அட்டையின் நகல். வண்ண நகல்! மடிப்பு கிழியாமலிருக்க மேலே டேப் ஒட்டி வைத்திருக்கிறான்.

"முப்பத்தேழு சார். போன திங்கக்கிழமைதான் ஆச்சு. சின்ன வயசுலயே சுரப்பி நின்னுபோச்சு, அதான் பாக்க இப்படி. ஊசி எல்லாம் போட்டாங்க, கேக்கல..."

என் உடம்புக் கதை முழுவதையும் ஒப்பித்தான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காவலாள் என்னைப் பார்க்கவே இல்லை. "பேப்பர் செல்லாது சார். ஆனா ரொம்பத் தயாராத்தான் வந்திருக்கீங்க" என்றான், அவனிடமே. நான் என் அட்டையை நீட்டினேன். எல்லாச் சோதனையும் செய்தான். சரியாக இருக்கிறது என்றான். திருப்பி ராய்ஸ் கையில் கொடுத்தான். என் அட்டையை! அவன் கையில்!

நாற்காலியிலிருந்து இறங்கி வண்டிக்கு நடந்துவிட்டேன். எல்கோவில் வண்டியிலிருந்து இறங்கும்போதுதான் வாயைத் திறந்தேன். "நான் என்ன உன் நாயா? தடுப்பூசிச் சீட்டு மாதிரி பையில வெச்சுக்கிட்டுத் திரியற? எனக்கு வாய் இல்லையா? இனிமே என் வீட்டுப் பக்கம் வராதே."

எதற்காக அந்த நகல்? எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறான்? எனக்குத் தெரியாமல் எத்தனை பேரிடம் என் சுரப்பியைப் பற்றிப் பேசியிருக்கிறான்?

பிப்ரவரி 26, புதன்

போன் அடிக்கிறது. எடுக்கவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

"அவன் உன்னை விட்டானா, நீ அவனை விட்டியா?" என்று நடீன் கேட்டாள்.

"நான்தான்."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

நான் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளும் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள். ராய்ஸ் இல்லாத சனிக்கிழமை இழுத்துக்கொண்டே போகிறது. மான்கறிகூட நினைவுக்கு வருகிறது. கோபம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

மார்ச் 15, சனி

வேலை முடிந்து வந்தால் என் காருக்குப் பக்கத்தில் ராய்ஸ் நிற்கிறான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். நான் கிளம்பக் கார் கதவைத் திறந்தேன். அப்போது சொன்னான்.

"செப்டம்பர்ல பாய்சி ஊர்ல ஒரு பாருக்குப் போனோமே."

"ஆமா. நான் பாத்ரூம் போயிட்டு வரதுக்குள்ள என்னைத் தனியா விட்டுட்டு வெளிய போய் நின்ன. அதுக்கு வீடு வர வரைக்கும் சண்டை போட்டேன்."

"நானாப் போகல. காவலாளுங்க ரெண்டு பேர் தள்ளிட்டுப் போனாங்க. பின்வாசல் வழியா. குப்பைத் தொட்டி பக்கத்துல சுவத்தோட சேத்து நிறுத்தி, போனைப் பிடுங்கிப் படம் எல்லாத்தையும் பாத்தாங்க. எந்தப் பள்ளிக்கூடத்து வாசல்ல இவளைப் புடிச்சேன்னு ஒருத்தன் கேட்டான்."

நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

"அப்புறம்?"

"ஏரியில படகு வாடகைக்கு எடுக்க உன் கார்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தியே, அது போன்ல இருந்துச்சு. அதைப் பாத்துட்டுத்தான் விட்டாங்க. மறுநாளே காகிதத்துல அடிச்சு வெச்சுக்கிட்டேன். போனைப் பிடுங்கினாலும் பர்ஸ் இருக்குமில்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அப்புறம் எங்கயும் வரமாட்ட. வாசல்ல நிக்கறப்ப உன் மூஞ்சி எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

அழுகை வந்தது. கோபமும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அந்தக் குளிரில் கத்தினேன். கடைசியில் சொன்னேன்: "வயசு கேட்டா நான்தான் சொல்வேன். உன்னைத் தள்ளிட்டுப் போனா நானும் கூட வருவேன். அந்தக் காகிதத்தை இன்னொரு தடவை எடுத்தே, அதோட நமக்குள்ள எல்லாம் முடிஞ்சுது."

"பயமா இருக்கு இடோயா."

"எனக்கும்தான்."

மார்ச் 16, ஞாயிறு

அவமானம் என் ஒருத்திக்குத்தான் என்று குத்தகை எடுத்த மாதிரி இருந்திருக்கிறேன். பாய்சியிலிருந்து வந்த வழி முழுக்க நான் திட்டினேன், அவன் வாயைத் திறக்காமல் வண்டி ஓட்டினான். பாவம்.

இருந்தாலும் என் கதையை அவன் சொன்னது தப்புதான். அதில் மாற்றமில்லை.

ஏப்ரல் 12, சனி

வெண்டோவர் போனோம். நான்தான் ஊரைச் சொன்னேன். யூட்டாவிலிருந்து எல்லை தாண்டி வரும் கூட்டம், அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் அவனைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாசலில் சுலபமாக விட்டுவிட்டார்கள். பாரில் போய் உட்கார்ந்தோம். நான் பிக்கான் கேட்டேன், அவன் பீர் கேட்டான். பரிமாறுகிறவள் போனதும் வேறொருவன் வந்தான். சட்டையில் விடுதிப் பெயர், காதில் ஒயர். நேராக ராய்ஸிடம் குனிந்தான்.

"சார், கூட இருக்கற பொண்ணுக்கு என்ன வயசு?"

ராய்ஸின் கை பர்ஸ் பக்கம் போனது. நான் பார்த்தேன். அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான். கையை எடுத்து இரண்டு உள்ளங்கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டான்.

"அவங்ககிட்ட கேளுங்க" என்றான்.

"சார், நான் உங்களைத்தான் கேட்டேன்."

"கேட்டீங்க. அவங்க வயசை அவங்கதான் சொல்லணும்."

"அப்ப கொஞ்சம் வெளிய வாங்க சார், பேசலாம்."

ராய்ஸ் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த மனிதன் இப்படி ஆவான் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன். இறங்கினால் காவலாளின் நெஞ்சுக்குத்தான் வருவேன். பரவாயில்லை.

"அவரை எங்க கூட்டிட்டுப் போனாலும் நானும் வருவேன். எனக்கு முப்பத்தேழு வயசு. கார்டு இதோ இருக்கு. உங்க மேலதிகாரியையும் கூப்பிடுங்க, நிதானமாப் பாக்கலாம்."

"பாப்பா, நீ உக்காரு."

"பாப்பான்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க."

மூன்று பேரும் காவல் மேசைக்குப் போனோம். அட்டையை ஒருத்தன் பார்த்தான், இன்னொருத்தன் பார்த்தான், எங்கேயோ போன் போட்டார்கள். ராசி கேட்டார்கள். எல்லாம் என்னிடம் கேட்டார்கள், நான் சொன்னேன். ராய்ஸை எதுவும் கேட்கவில்லை, அவனும் எதுவும் சொல்லவில்லை. மேலதிகாரி வந்து, "மன்னிச்சுக்குங்க மேடம்" என்றான். ஒயர்காரன் மன்னிப்புக் கேட்கவில்லை. திரும்பிப் போனால் மேசையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் ராய்ஸ் வண்டியில் சாய்ந்து மூச்சு வாங்கினான். கையைப் பிடித்தேன், ஐஸாகச் சில்லிட்டிருந்தது. "எடுத்திருப்பேன். நீ மட்டும் பாக்கலன்னா எடுத்திருப்பேன்" என்றான். தெரியும் என்றேன். எடுக்கவில்லை என்பதும் தெரியும். சந்தோஷமாக இருந்தது. இதை நேராகவே எழுதிவிடுகிறேன்: ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

பெட்ரோல் நிலையத்தில் பரிட்டோ வாங்கிச் சாப்பிட்டோம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

காலையில் அந்த நகலை அவனே கொண்டுவந்து கொடுத்தான். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. பின்பக்கத்தில் முட்டை, காப்பித்தூள், பாத்திரம் கழுவும் சோப்பு என்று எழுதி, கடைக்குப் போய்வா என்று அவனிடமே கொடுத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

நானும் ராய்ஸும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று நடீனிடம் சொன்னேன். "பாதிரியாரும் உன் வயசைக் கேப்பாருடி" என்றாள். கேட்கட்டுமே.

மே 9, வெள்ளி

கல்யாண உரிமம் வாங்க மாவட்ட அலுவலகத்துக்குப் போனோம். ராய்ஸ் இஸ்திரி போட்ட சட்டை, நான் பச்சை கவுன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் எங்களை ஒரு பார்வை பார்த்தாள். எனக்குத் தெரிந்த பார்வைதான். அட்டையை முன்கூட்டியே கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"வயசுக்கு ஆதாரம் காட்டுங்க. ரெண்டு பேரும்."

என்னுடையதை வாங்கிப் பார்த்தாள், எண்ணை எழுதிக்கொண்டாள். ராசி கேட்கவில்லை. பிறகு ராய்ஸுடையதைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது மார்ச் மாசமே காலாவதி ஆயிடுச்சு."

"இருக்காதே. இத்தனை நாள் யாரும் ஒண்ணும் சொல்லலயே" என்றான் ராய்ஸ்.

"யாராச்சும் கேட்டாங்களா?"

ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு வருடமாக என்னோடும், நான் வருவதற்கு முன்பும், எத்தனை வாசலில் நுழைந்திருப்பான், ஒருத்தரும் அவனைக் கேட்டதில்லை.

"நாப்பத்தி மூணும்மா. தாடியைப் பாருங்க, நரைச்சிருக்கு" என்றான்.

"தாடியெல்லாம் ஆதாரம் ஆகாது சார். புது கார்டு வாங்கிட்டு வாங்க. அம்மா, உங்களுது சரியா இருக்கு."

வெளியே படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். அவன் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திங்கட்கிழமை விடுப்பு எடுத்துப் புது அட்டை வாங்கப் போகிறான். படம் எடுப்பதற்கு முன்னால் தாடியை மழித்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.