முட்டுக்கம்பு எடுக்கும் முன்

அருப்புக்கோட்டை,
27.5.94, வெள்ளி.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். லுஹர் தொழுத கையோடு பல்கீஸ் எழுதுகிறேன். அல்லாஹ்வின் அருளால் நானும் மகள் சனோபரும் சுகம். உங்கள் சுகத்துக்காக ஒவ்வொரு வக்துத் தொழுகையிலும் கையேந்துகிறேன். வீடு கட்டுகிற வேலையின் வரவு செலவைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். இந்தத் தாளில் அது வேண்டாம்.

உங்கள் ஏர்மெயில் கடிதம் கிடைத்தது. நாலே வரி. அடுப்படிக்குச் செங்கல் வளைவு ஆகாது, கூரை விஷயத்தில் பிள்ளை விளையாட்டு கூடாது, கம்பி கட்டிக் கான்கிரீட்டே போடு என்று. உங்கள் தம்பியும் அதைப் படித்துவிட்டு, "மைனி, அண்ணன் சொன்னா சொன்னதுதான். நானே ஆளைக் கூட்டிக்கிட்டு இடிக்க வாரேன்" என்கிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நடந்ததை நீங்கள் முழுதும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகள் மதுரையில் கட்டிடக்கலைப் படிப்பில் இரண்டாம் வருஷம் முடித்து லீவுக்கு வந்தாள் இல்லையா, வந்ததும் என் கழுத்துச் சங்கிலியைக் கேட்டாள். நம் மனையில் எழுப்பியிருந்த சுவரில் இரண்டு ஆணி அடித்து, சங்கிலியைத் தொங்கவிட்டு, அது தொய்ந்த கோட்டைக் கரித்துண்டால் வரைந்தாள். "இதத் தலைகீழாத் திருப்பும்மா, அதான் கூரை. கம்பியே இல்லாம செங்கல் ஒண்ண ஒண்ணு அமுக்கிக்கிட்டு நிக்கும்" என்றாள். கொத்தனார் கருத்தப்பாண்டி, "கழுத்துல போடுறத வீட்டு மேல போடுறீகளே தாயி, பாலம் கட்டவா போறீக?" என்று சிரித்தார். சிரித்தாலும் கரண்டியோடு வந்துவிட்டார்.

முதலில் மனை மூலையில், ஓர் ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்கு ஒரு வளைவு கட்டிப் பார்த்தார்கள். அடியில் கொடுத்திருந்த மர அச்சை உருவியதும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. யார் மேலும் படவில்லை, அல்ஹம்துலில்லாஹ். சனோபர் அழவில்லை. விழுந்த கல்லை எல்லாம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். கலவை மண்ணாக உதிர்ந்தது. செங்கல்லைச் சரியாக நனைக்காததுதான் காரணம். காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிட்டது. நனைக்க வேண்டும் என்று அவளுக்கும் தெரியும், கொத்தனாருக்கும் தெரியும். ஆனால் தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை போட்டுக் காத்திருக்கிற ஊரில், கல்லுக்கு ஊற்ற ஒருவருக்கும் கை வரவில்லை. மேலாகத் தெளித்தால் போதும் என்று அவர் சொல்ல, இவளும் தலையாட்டியிருக்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைதானே.

அடுத்த வளைவுக்கு நம் கல்யாணத்து அண்டாவை இறக்கிக் கொடுத்தேன். கல்லை முக்கினால் புசுபுசுவென்று குமிழி விடுகிறது; அது அடங்கிய பிறகே எடுக்கவிட்டாள். மிஞ்சிய செந்தண்ணீரில் கலவை குழைத்தார்கள். அது நின்றது. மேலே மணல் மூட்டை அடுக்கினாள். பிறகு நானும் பக்கத்து வீட்டு முருகேஸ்வரியும் ஏறி உட்கார்ந்தோம். "யக்கா, நம்ம ரெண்டு பேரையும் தாங்கிருச்சுன்னா லோடு லாரியவே தாங்கும்" என்றாள் அவள். சனோபர் மட்டும் சிரிக்கவில்லை. பாரம் ஏற ஏற வளைவின் கால் வெளியே நகர்ந்ததைப் பார்த்துவிட்டாள். அதனால் அடுப்படிக்கு இரண்டு பக்கமும் கருங்கல்லில் அண்டைச்சுவர் கொடுத்திருக்கிறாள்.

அடுப்படி வளைவு இப்போது கட்டி முடிந்துவிட்டது. அடியில் தாங்கி நிற்கும் முட்டுக்கம்புகளை எடுக்க வேண்டியதுதான் பாக்கி. நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். அவள் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். மனைக்கும் வீட்டுக்கும் நடக்கிறாள். எனக்கும் குர்ஆனில் யாசீன் ஓத உட்கார்ந்தால் வரி பிசகுகிறது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு மனைக்கு ஓடுகிறேன், அது அப்படியே நிற்கிறதா என்று.

தடுத்தது உங்கள் கோபத்துக்குப் பயந்து இல்லை மச்சான். போன வாரம் பந்தல்குடிக்குப் போனேன், சபீரின் பெண்டாட்டி புருஷனை இழந்து இத்தாவில் வெளியே வராமல் இருக்கிறாளே, பார்த்துவிட்டு வர. அங்கே உங்களோடு கட்டிட வேலை பார்த்த அவர் காய்ச்சலில் மவுத்தானதாக எனக்கு எழுதியிருந்தீர்கள். அவருடைய பெட்டியைக் கொண்டுவந்தவர் அங்கே வேறு சொல்லியிருக்கிறார். கான்கிரீட் இறுகுவதற்கு முன்பே முட்டுக்கம்புகளைத் தட்டி எடுக்கச் சொன்னார்களாம். நீங்களும் அவரும் ஒரே கூரைக்கு அடியில் நின்றீர்களாம். பாங்கு கேட்டு, நீங்கள் கைகால் கழுவி ஒளுச் செய்ய வெளியே போன நேரத்தில் அது சபீர் மேல் இறங்கிவிட்டதாம். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வீட்டு அவுகளையாவது அல்லா காப்பாத்துனானே அக்கா" என்றாள். உங்கள் நாலு வரி எந்தப் பயத்தில் வந்தது என்று இப்போது விளங்குகிறது.

மகளிடம் இதை நான் சொல்லவில்லை. "அத்தாவுக்கு நான் படிக்கிறது வெளையாட்டாத் தெரியுதாம்மா?" என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அன்றைக்குச் சாப்பிடாமல் இருந்தாள்.

அதனால் கேட்கிறேன். கட்டு, இடி என்று எழுத வேண்டாம். அந்தக் கூரை எப்படி இறங்கியது, எந்த முட்டுக்கம்பை முதலில் தட்டினார்கள், முன்னாலேயே ஏதாவது சத்தம் கேட்டதா, அதை அவளுக்கு எழுதுங்கள். சபீரின் பெயரைப் போட்டே எழுதுங்கள். அதைப் படித்த பிறகு முட்டு எடுப்பதா வேண்டாமா என்று அவள் சொல்லட்டும். அவள் சொல்கிறபடி செய்வோம். அதுவரை ஒரு கம்பும் அசையாது.

எனக்குத் தனியாக ஒரு வரி போதும்: இன்றைக்கு உங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று. அல்லாஹ் உங்களைத் தன் காவலில் வைப்பானாக. ஒளுச் செய்யப் பாங்கு கேட்கும்வரை காத்திருக்காதீர்கள் மச்சான். கொஞ்சம் முன்னாலேயே வெளியே போய்விடுங்கள்.

வஸ்ஸலாம்,
பல்கீஸ்