லெஃப்ட் கார்டு விட்ட ஓட்டை

அக். 7, செவ்வாய்

புழுக்கம். மலைப்பக்கம் மேகம், ராஜபாளையத்தில் ஒரு சொட்டு இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடித்து முடிக்க நாலு மணி. பிறகு பஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் கிரவுண்டு.

சூப்பர்வைசர் அக்கா இன்றும் கேட்டார். "அமெரிக்கன் ஃபுட்பால்னு போறியே, பந்த ஒருநாளாவது தொட்டியா?"

"நான் லெஃப்ட் கார்டுக்கா. பந்து என் சோலி இல்ல. எறியுற புள்ளய எவளும் நெருங்காமப் பாத்துக்கிடணும்."

"அதுக்கா இம்புட்டுத் தீனி?"

எண்பத்தெட்டு கிலோ. பெண் பார்க்க வந்தவர்கள் இதற்காகத்தான் திரும்பிப் போனார்கள். கோச் இதற்காகத்தான் கூப்பிட்டுச் சேர்த்தார். போகட்டும்.

பிராக்டிஸில் சொதப்பினேன். எதிரில் நின்றவள் வலப்பக்கம் போக்குக் காட்டினாள், நம்பி நகர்ந்தேன். நான் விட்ட ஓட்டை வழியாகப் புகுந்து, பந்து எறிகிற சுபாவைச் சாய்த்துவிட்டாள். ஹெல்மெட் தரையில் மோதிய சத்தம். சுபா எழுந்து சிரித்தாள். எல்லோரும் அதோடு மறந்துவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக். 9, வியாழன்

பஸ்ஸில் சுபா: "ஏமே ரோஸு, ஞாயித்துக்கெழம மேட்ச் எத்தன மணிக்கு?" பத்து என்றேன். இறங்குவதற்குள் அதே கேள்வி இன்னும் இரண்டு தடவை.

எங்கள் எண்ணிக்கை தெலுங்கில். எதிர் டீமுக்குப் புரியக்கூடாதென்று சுபா தன் வீட்டுப் பாஷையில் வைத்த ஏற்பாடு. ஒகட்டி, ரெண்டு, மூடு. மூன்றாவதில் எனக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கும் சென்டர் செல்வி பந்தைப் பின்னால் சுபாவிடம் கொடுப்பாள், நாங்கள் பாய்வோம். இன்று "ஒகட்டி, ரெண்டு..." அப்புறம் சத்தமே இல்லை. மறுபடி "ரெண்டு..." ஏதோ தந்திரம் என்று செல்வி சிரித்தாள். கோச்சும்தான்.

குழாயடியில் என்னிடம் மட்டும்: "தல வலிக்கி. கோச்சுட்ட சொல்லிராத. ஸ்டேட் டீமுக்கு ஆள் எடுக்க ஞாயித்துக்கெழம வாராங்க." கொஞ்சம் பொறுத்து, "நீதான அவள உள்ள விட்ட."

கோச்சிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன்.

அக். 10, வெள்ளி

வாங்க: ஷூ லேஸ், அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

கோச்சிடம் நானே ஒரு யோசனை சொன்னேன். மேட்ச் அன்று கூட்டம் கத்தும், எண்ணினால் கேட்காது. நான் குனிந்தபடியே காலிடுக்கில் சுபாவைப் பார்க்கிறேன். அவள் தலையசைத்ததும் செல்வியின் தொடையில் தட்டுகிறேன். பந்து போகட்டும்.

கோச்சுக்கு ஒரே சந்தோஷம். "கார்டுன்னா இப்படி மூள வேணும்ட்டி."

பிராக்டிஸில் அழகாக நடந்தது. சுபா எண்ணத் தெரியாமல் போனவள் என்று இனி எவராலும் கண்டுபிடிக்க முடியாது. காப்பாற்றுகிறேனா, மறைக்கிறேனா? பயமாக இருக்கிறது.

அக். 11, சனி

பத்து நிமிஷ மழை. சுபா வீட்டுக்குப் போனேன். காலையிலிருந்து வாந்தி.

"நேத்துத் தின்ன புரோட்டா சேரலபோல" என்றார் அவள் அம்மா. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சுபா என்னையே பார்த்தாள்.

"ஆமாம்மா, புரோட்டாதான்" என்றேன்.

அக். 12, ஞாயிறு. மதுரை ஆஸ்பத்திரி

காலையில் சர்ச்சுக்குப் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கிரவுண்டில் மேட்ச், வெயில். இடைவேளை வரை நாங்கள்தான் முன்னால். என் பக்கம் ஒருத்தியும் புகவில்லை.

இடைவேளை முடிந்து முதல் பந்து. குனிந்து காலிடுக்கில் பார்த்தேன். சுபா தலையசைக்கவில்லை. எங்களைப் பார்க்கவே இல்லை. வாய் லேசாகத் திறந்தபடி மலையைப் பார்த்து நின்றாள்.

"தட்டுட்டி" என்றாள் செல்வி. "நேரம் போகுது, தட்டு" என்று வெளியிலிருந்து கோச். எதிரில் இருந்தவள் பாயத் தயாராக இருந்தாள்.

எழுந்து நின்றுவிட்டேன். பந்து நகருமுன் கார்டு அசைந்தால் ஃபவுல். விசில். திரும்பி நடந்துபோய் சுபாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" கோச் ஓடிவந்தார். அதற்குள் அவள் என் தோளில் சரிந்தாள். செவ்வாய்க்கிழமை விழுந்தது, தலைவலி, எல்லாம் கோச்சிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. வண்டி பிடிக்க ஓடினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கலாமாம். கோச் டாக்டரிடம் பேசப் போயிருக்கிறார். வராந்தாவில் நானும் சுபா அம்மாவும் மட்டும்.

"எப்பலேர்ந்து இப்படி? ஒங்கிட்ட எதும் சொன்னாளா?"

"இல்லம்மா. இன்னைக்குத்தான் பாத்தேன்."

என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு முன்னால நீ நிக்கேன்னுதான் நான் அனுப்புறதே."

இன்னும் விடவில்லை. இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்கேன் ரூம் கதவு திறக்கவில்லை.